மாடல் ரயில் பலகையில் ரோடு மட்டும் ஏன் பொம்மையாகத் தெரிகிறது?

நான்கடிக்கு இரண்டடி பிளைவுட் பலகை, 'N' என்ற மாடல் ரயில் ஸ்கேல், 1980-களின் சேலம்–ஈரோடு பாதையை மனதில் வைத்து ஒரு சின்ன ஸ்டேஷன், பக்கத்தில் ஒரு ரயில்வே கேட். தண்டவாளமும் கட்டடமும் உங்களுக்குத் திருப்தி. ரோட்டுக்கு மட்டும் 60 மில்லிமீட்டர் அகலத்தில் கறுப்பு பெயின்ட் அடித்து, நடுவே வெள்ளைக் கோடு இழுத்தீர்கள். ரப்பர் பெல்ட்டை ஒட்டி வைத்த மாதிரி இருக்கிறது என்கிறீர்கள். எந்த ஷேட் வாங்குவது, உப்புத்தாள் ஒட்டினால் சரியாகுமா, பின்னால் ஒரு பஸ் ஓடவிட முடியுமா என்று மூன்று கேள்விகள். ஷேட் கேள்வி கடைசியாக வர வேண்டியது. ரயிலும் கட்டடமும் நிஜமாகத் தெரியும் இடத்தில் ரோடு மட்டும் ஏன் பொம்மையாகிறது என்பதுதான் உங்கள் உண்மையான சந்தேகம் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்குக் காரணம் நிறம் மட்டும் இல்லை. அகலம், ஓரம், போகிற போக்கு மூன்றும் தப்பாக இருந்தால் எந்தக் கடையிலும் அதற்கு ஷேட் கிடைக்காது.

நான் நெடுஞ்சாலைப் பணியில் சூப்பர்வைசராக இருந்தவன். ஜல்லி அளப்பதும், தார் சூடு பார்ப்பதும், மழைக்கு முன்னால் பேட்ச் ஒர்க் முடிப்பதுமாகவே வேலைக்காலம் போனது. மாடல் ரயில் பிற்பாடு பிடித்த பைத்தியம். அதனால் ரோட்டின் அளவு, அமைப்பு பற்றிச் சொல்வதை உறுதியாகவே சொல்கிறேன். நிறம் விஷயத்தில் பாதி என் கண் சொல்வது. மாற்றுக் கருத்து இருந்தால் அதுவும் சரியாக இருக்கலாம்.

முதலில் கொஞ்சம் கணக்கு. N ஸ்கேல் என்றால் 1:160. நிஜத்தில் ஒரு மீட்டர் உங்கள் பலகையில் 6.25 மில்லிமீட்டர். (பிரிட்டிஷ் N 1:148, ஜப்பான் N 1:150. வண்டி வாங்கும்போது பெட்டியைப் பார்த்து வாங்குங்கள், கலந்து வைத்தால் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்துவிடும்.) உங்கள் 60 மில்லிமீட்டர் ரோடு நிஜத்தில் 9.6 மீட்டர். இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி ஒற்றைத் தட ரோட்டின் தார் அகலம் 3.75 மீட்டர், இடைத் தடம் 5.5 மீட்டர், கல் விளிம்பு இல்லாத இரட்டைத் தடம் 7 மீட்டர். பலகையில் முறையே 23.5, 34.5, 44 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் நேஷனல் ஹைவேயே பெரும்பாலும் இரண்டு தடம்தான். ஒரு சின்ன ஸ்டேஷனுக்குப் பக்கத்து கேட்டைத் தாண்டிப் போகும் ரோட்டுக்கு நீங்கள் ஹைவேயைவிட அதிக அகலம் கொடுத்துவிட்டீர்கள். அதன்மேல் ஒரு அம்பாசிடரை வைத்தால், பத்தரை மில்லிமீட்டர் அகலமுள்ள அந்தக் கார் மைதானத்தில் தொலைந்த மாதிரிதான் இருக்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. போட்டோவில் கேட்டைப் பார்த்து, "தண்டவாள அகலத்தைப் போல ரோடு இரண்டரை மடங்கு" என்று விகிதம் பிடித்து, அதை உங்கள் 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தின்மேல் ஏற்றாதீர்கள். 9 மில்லிமீட்டர் என்பது 1:160-இல் ஐரோப்பிய 1435 மில்லிமீட்டர் கேஜுக்குச் சரி (கேஜ் என்பது இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம்). நம் பிராட் கேஜ் 1676. அது பலகையில் பத்தரை மில்லிமீட்டர் வந்திருக்க வேண்டும். விகிதத்தை நேராகத் தூக்கிப் போட்டால் ரோடு குறுகிவிடும். போட்டோவில் கேஜை 1676 என்று வைத்து ரோட்டை மீட்டரில் கணக்கிடுங்கள், அப்புறம் 6.25-ஆல் பெருக்குங்கள். ரோடு, வண்டி, வீடு மூன்றும் ஒரே ஸ்கேலில் இருக்கட்டும். தண்டவாளம் கொஞ்சம் குறுகல் என்பதைக் கண் மன்னித்துவிடும்.

அடித்த பெயின்ட்டைச் சுரண்ட வேண்டாம். அந்த 60 மில்லிமீட்டரும் உங்களுக்கு வேண்டும். ரோடு என்பது தார் மட்டும் இல்லை, இரண்டு பக்கமும் மண் ஓரம் உண்டு. நாங்கள் பெர்ம் என்போம். ஒற்றைத் தட ரோட்டில் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ இரண்டு மீட்டர், அதாவது 12 மில்லிமீட்டர். நடுவில் 23.5 தார், பக்கத்துக்கு 12 மண், மொத்தம் 47 சொச்சம். மீதி 12 மில்லிமீட்டரில் புல்லும், வயலுக்கு இறங்கும் சரிவும் வந்துவிடும். உங்கள் ரோடு பெல்ட்டாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம், பச்சைப் புல்லிலிருந்து நேராகக் கறுப்புக்குத் தாவுவதுதான். இடையில் ஒரு மண் நிறம் வந்து உட்கார்ந்ததுமே வித்தியாசம் தெரியும்.

அந்த மண் ஓரத்தில்தான் நம் ஊர் ரோடு இருக்கிறது. ஒற்றைத் தடத்தில் எதிரே லாரி வந்தால் இரண்டு வண்டிகளும் இடது சக்கரத்தை மண்ணில் இறக்கித்தான் கடக்க வேண்டும். வருஷக்கணக்கில் இப்படி இறங்கி ஏறினால் இரண்டு காரியம் நடக்கும். தார் விளிம்பு நேராக நிற்காது. கடித்துத் துப்பிய மாதிரி அரை வட்டம் அரை வட்டமாகப் பெயர்ந்து வரும். விளிம்பை ஒட்டி மண்ணில் ஒரு நீளப் பள்ளம் விழும். அதில் மாட்டு வண்டியின் இரும்புப் பட்டைச் சக்கரமும் போய் ஆழப்படுத்தும். 1980-கள் என்றால் டயர் வண்டியோடு இரும்புப் பட்டை வண்டியும் ரோட்டில் உண்டு. மாடலில் இதைச் செய்வது சுலபம். தார்ப் பகுதியின் விளிம்பை ஸ்கேல் வைத்து வெட்டாமல், பிளேடு நுனியால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒழுங்கில்லாமல் கொறித்துவிடுங்கள். எல்லா இடத்திலும் வேண்டாம். வளைவின் உள்பக்கம், கேட்டுக்கு இரண்டு பக்கமும், பஸ் நிற்கும் இடம் ஆகிய மூன்று இடத்தில் அதிகமாக, மற்ற இடத்தில் அபூர்வமாக. விளிம்புக்கும் மண்ணுக்கும் உள்ள படி நிஜத்தில் ஐந்து சென்டிமீட்டர் என்றால் பலகையில் 0.3 மில்லிமீட்டர். ஒரு சார்ட் அட்டையின் கனம் போதும்.

யூடியூபில் ரோடு செய்முறை பார்த்திருப்பீர்கள். நன்றாகவே செய்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்க ரோடுகள். அங்கே குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தைச் சதுரமாக வெட்டி, விளிம்பில் தார் பூசி மூடுவார்கள். கல் விளிம்பு உண்டு, மேன்ஹோல் மூடி உண்டு. நடுக்கோட்டில் இங்கிலாந்துக்காரர் பெர்சி ஷா 1934-இல் காப்புரிமை பெற்ற பூனைக்கண், அதாவது வண்டி விளக்கு பட்டால் மின்னும் குமிழ், பதித்திருப்பார்கள். அதையெல்லாம் பார்த்துச் செய்துவிட்டுப் பக்கத்தில் தமிழ்ப் பெயர்ப் பலகை நட்டால் ரோடு சேலத்தில் ஓடாது, யார்க்ஷயரில் ஓடும். நம் பக்கம் அன்றைய பேட்ச் ஒர்க் எப்படி? பள்ளத்தைப் பெருக்கி, தார் தெளித்து, ஜல்லிக் கலவையைக் கொட்டித் தட்டுவார்கள். வட்டமும் இல்லாமல் சதுரமும் இல்லாமல், சுற்றியுள்ள ரோட்டைவிடக் கறுப்பாக, கொஞ்சம் மேடாக இருக்கும். சின்ன பிரஷ்ஷில் கறுத்த சாம்பலை எடுத்து, மூன்று நான்கு மில்லிமீட்டர் அளவுக்கு இரண்டு மூன்று இடத்தில் ஒற்றினால் போதும். குழி தோண்ட வேண்டாம். ஏழு சென்டிமீட்டர் ஆழக் குழியே பலகையில் அரை மில்லிமீட்டரைத் தாண்டாது. மண் நிறத்தில் ஒரு புள்ளி வைத்தால் கண் அதைக் குழியென்றுதான் படிக்கும்.

இப்போது உப்புத்தாள். ஒட்டலாம், எந்த நம்பர் என்பதுதான் கேள்வி. 80 நம்பர் தாளின் மணல் பருக்கை சுமார் 0.2 மில்லிமீட்டர். 160-ஆல் பெருக்கினால் 32 மில்லிமீட்டர் ஜல்லி! ரோலர் ஏறாத கப்பி ரோடு மாதிரி இருக்கும். 240 நம்பரில் பருக்கை சுமார் 0.06 மில்லிமீட்டர், நிஜத்தில் ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த சிப்ஸ் கணக்கு. அது தார் ரோட்டின் மேல்பரப்புக்கு நியாயமான அளவு. மேல்பூச்சு போய் ஜல்லி கிளம்பிய கிராமத்து ரோடு வேண்டுமானால் 120 நம்பரை அங்கங்கே காட்டலாம். ஆனால் என் யோசனை, சொரசொரப்பைத் துரத்தவே வேண்டாம். நீங்கள் இரண்டடி தூரத்தில் நின்று பலகையைப் பார்க்கிறீர்கள். அது 1:160-இல் கிட்டத்தட்ட நூறு மீட்டர் தூரத்திலிருந்து ரோட்டைப் பார்ப்பதற்குச் சமம். நூறு மீட்டரிலிருந்து யாருக்கும் ஜல்லி தெரியாது. வெளுப்பு, அழுக்கு, ஓரம், வளைவு இவைதான் தெரியும். பளபளப்பு இல்லாமல் இருந்தால் போதும். இன்னொரு சங்கடமும் உண்டு: உப்புத்தாளை வளைவுக்கு வெட்டி ஒட்டினால் இணைப்புக் கோடு தெரியும், அதன்மேல் அழுக்குப் பவுடர் தேய்த்தால் ஒரே இடத்தில் அப்பிக்கொள்ளும்.

நான் செய்வது வால் பட்டி முறை. பெயின்ட் கடையில் கிடைக்கும், சுவருக்குப் பூசும் சாதாரண பட்டிதான். தண்ணீர் விட்டுக் குழைக்கும்போதே கறுப்பு ஸ்டெய்னர் (பெயின்ட்டில் கலக்கும் நிறம்) சில சொட்டு விட்டுச் சாம்பலாக்கிவிடுங்கள். பின்னால் எங்காவது கீறல் விழுந்தால் வெள்ளையாகப் பல்லிளிக்காது. முதலில் ரோட்டின் நடுக்கோடு போகும் வழியில் எட்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு அட்டைப் பட்டை ஒட்டுங்கள், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்தில். தார் ரோடு தட்டை இல்லை. மழைத் தண்ணீர் இரண்டு பக்கமும் வழிய நடுவில் உயர்த்திப் போடுவோம். தாருக்கு நூற்றுக்கு இரண்டிலிருந்து இரண்டரை வரை சாய்வு. ஏழு மீட்டர் ரோட்டில் நடு, ஓரத்தைவிட எட்டு ஒன்பது சென்டிமீட்டர் உயரம். பலகையில் அரை மில்லிமீட்டர். ஒற்றைத் தடத்துக்கு அதில் பாதிதான். இவ்வளவு சின்ன உயரம் யாருக்குத் தெரியும் என்று தோன்றும். நேராகத் தெரியாது, வெளிச்சம் சாய்வாக விழும்போது தெரியும்: ஒரு பாதி கொஞ்சம் வெளுப்பாகவும் மறுபாதி கொஞ்சம் கருத்தும் நிற்கும். தட்டையான அட்டை ரோட்டில் இது வரவே வராது.

அட்டைப் பட்டை காய்ந்ததும், தார் அகலத்துக்கு இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் இரண்டடுக்கு ஒட்டி, நடுவில் பட்டியை ஊற்றி, காலாவதியான ஏ.டி.எம். கார்டால் ஒரே இழுப்பில் வழியுங்கள். கார்டை லேசாக வளைத்துப் பிடித்தால் நடு மேடு தானாக வரும். பட்டி இறுகத் தொடங்கும்போதே டேப்பை உரித்துவிடுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு உரித்தால் விளிம்பும் சேர்ந்து வரும். (சில இடத்தில் அப்படி வந்தால் நல்லதுதான், பெயர்ந்த விளிம்பு இலவசம்.) மறுநாள் 320 நம்பர் வாட்டர் பேப்பரால் லேசாகத் தேய்க்கலாம். தேய்க்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. அடியில் தெர்மாகோல் இருந்தால் ஸ்ப்ரே டப்பா பக்கமே போகாதீர்கள், கரைந்துவிடும்.

இனி நிறம். புதிதாகப் போட்ட தார் மட்டும்தான் கறுப்பு. வண்டி ஓட ஓட மேலே இருக்கும் தார்ப் படலம் தேய்ந்து கல் வெளியே வரும். அதன்பின் ரோட்டின் நிறம் என்பது ஜல்லியின் நிறம். இங்கிலாந்தில் இளஞ்சிவப்பு கிரானைட் போட்ட ஊர்களில் ரோடு சிவந்தே இருக்கும். நம் பக்கத்துக் கருங்கல் ஜல்லி நீலம் கலந்த சாம்பல், ப்ளூ மெட்டல் என்று சொல்வதே அதனால்தான். அதன்மேல் செம்மண் புழுதி படிந்தால் ஒரு வெதுவெதுப்பான சாம்பல் வரும். இதுவரை உறுதி. அதை 1:160-க்கு எவ்வளவு வெளுக்க வேண்டும் என்பதில்தான் சண்டை. ஸ்கேல் சிறுக்கச் சிறுக்க இத்தனை சதவீதம் வெள்ளை சேர்க்க வேண்டும் என்று சிலர் பட்டியலே வைத்திருக்கிறார்கள். அதை விதியாக நான் எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் வெளுக்க வேண்டும் என்பதற்கு நல்ல காரணம் உண்டு. உச்சி வெயிலின் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் அளவில் இருக்கும், வீட்டு டியூப் லைட்டின் கீழ் சில நூறுதான். அந்த மங்கலில் கருத்த நிறங்கள் எல்லாம் செத்துக் கறுப்பாகிவிடும். அதனால் உங்கள் பலகைக்கு மேலே எரியும் விளக்கின் கீழேயே நிறத்தைத் தீர்மானியுங்கள். நான்கைந்து சாம்பலை அட்டைத் துண்டில் அடித்து, ரோடு வரும் இடத்தில் வைத்து, மேலே ஒரு லாரியை நிறுத்துங்கள். டயர் ரோட்டைவிடத் தெளிவாகக் கருத்துத் தெரிகிற அட்டைதான் உங்கள் நிறம். பெரும்பாலானவர்கள் முதலில் தேர்ந்தெடுப்பதைவிட அது இரண்டு படி வெளுப்பாக இருக்கும்.

கறுப்பும் வெள்ளையும் மட்டும் கலந்தால் குளிர்ந்த நீலச் சாம்பல் வரும். அதில் கொஞ்சம் அம்பர் பழுப்பு சேர்த்து, இரண்டு கிண்ணத்தில் இரண்டு சாம்பலாக வைத்துக்கொள்ளுங்கள்: நடுவுக்கு நீலம் தூக்கலாக, ஓரத்துக்கு மண் தூக்கலாக. இரண்டையும் ஈரத்திலேயே ஒன்றோடொன்று இழைத்துவிடுங்கள். போஸ்டர் கலர் காய்ந்தால் அழகான மேட், ஆனால் பின்னால் தண்ணீர் கலந்த ஃபெவிகால் தெளித்து மண் ஒட்டும்போது கரைந்து வழியும். அக்ரிலிக் அல்லது சுவருக்கு அடிக்கும் இன்டீரியர் எமல்ஷன் பத்திரம். கடைசி கோட் ஈரமாக இருக்கும்போது முகப்பவுடரை மெல்லிய துணி வழியாகத் தட்டி, காய்ந்ததும் பிரஷ்ஷால் துடைத்துவிட்டால், தார் ரோட்டின் அந்த உலர்ந்த பரப்பு வந்துவிடும். உப்புத்தாள் தரவேண்டிய சொரசொரப்பு இவ்வளவுதான்.

சக்கரத் தடம் பற்றி ஒரு வார்த்தை. எல்லாரும் இரண்டு கறுப்புக் கோடு இழுக்கிறார்கள். ரோட்டைப் பொறுத்து அது மாறும். தார் தெளித்துச் சிப்ஸ் பரப்பி உருட்டிய ரோட்டில், வெயில் காலத்தில் சக்கரம் ஓடும் இடத்தில் கல் உள்ளே அமுங்கித் தார் மேலே கசியும். அங்கே தடம் கறுப்பு, மினுமினுப்பு. கலவை போட்ட ரோட்டில் சக்கரம் தேய்க்கும் இடம் வெளுத்து, இரண்டு சக்கரத்துக்கும் நடுவே எஞ்சின் எண்ணெய் சொட்டிய பட்டை கருத்திருக்கும். உங்கள் ஒற்றைத் தட கிராமத்து ரோட்டுக்கு முதல் வகை பொருந்தும். இரண்டு திசை வண்டிகளும் ஒரே தடத்தில் ஓடுவதால் ரோட்டுக்கு நடுவாக இரண்டே தடம் வரும், நான்கு இல்லை. தடங்களுக்கு இடையே பத்துப் பதினொரு மில்லிமீட்டர் விடுங்கள், லாரியின் சக்கர இடைவெளி அது. கேட்டுக்கு முன்னால் வண்டிகள் காத்து நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறையைக் கொஞ்சம் தாராளமாகவே வைக்கலாம். வைக்கும் அளவில் பாதியைத் துடைத்துவிடுங்கள்.

வெள்ளைக் கோட்டை எடுத்துவிடுங்கள். மூன்றே முக்கால் மீட்டர் ரோட்டைப் பாதியாகப் பிரித்தால் லாரி ஒரு பாதியில் அடங்காது. அதில் நடுக்கோட்டுக்கு வேலையே இல்லை. பிற்பாடு இரட்டைத் தடம் செய்ய ஆசை வந்தால், பத்து சென்டிமீட்டர் கோடு பலகையில் 0.6 மில்லிமீட்டர்தான். வெள்ளைக் கலர் பென்சிலை நன்றாகச் சீவி, ஸ்டீல் ஸ்கேல் வைத்து விட்டுவிட்டு இழுத்து, விரலால் தேய்த்து மங்கலாக்குங்கள். பிரஷ்ஷால் அடித்த கோடு எப்போதும் தடித்துவிடும்.

போகிற போக்குக்கு வருவோம், எனக்கு இதில்தான் அதிக அக்கறை. நீங்கள் அனுப்பிய படத்தில் ரோடு பலகையின் விளிம்புக்கு இணையாக வந்து, தொண்ணூறு பாகையில் திரும்பி, தண்டவாளத்தைச் சரியாகக் குறுக்கே வெட்டுகிறது. நிஜத்தில் பெரும்பாலும் ரோடு முந்தியது, ரயில் பிந்தியது. வண்டிப் பாதை ஏரிக்கரையையும் கோயிலையும் சுற்றி வளைந்து போய்க்கொண்டிருந்தது. பிறகு ரயில்காரர்கள் வந்து ஏற்றத்தாழ்வு பார்த்துத் தங்கள் கோட்டை நேராக இழுத்தார்கள். பழைய பாதை ஏதோ ஒரு சாய்வில் அந்தக் கோட்டில் போய் முட்டும். மிகச் சாய்வாக வெட்டினால் ஆபத்து என்பதால் 45 பாகைக்குக் குறையக் கூடாதென்பது வழக்கமான விதி. அதனால் ரோட்டைக் கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் திருப்பி, தண்டவாளத்தைக் கடக்கவிட்டு, மறுபக்கம் மீண்டும் பழைய திசைக்குத் திருப்புவார்கள். நம் ஊர் கேட்டுகளில் ஓட்டுநர்கள் திட்டிக்கொண்டே எடுக்கும் அந்த எஸ் வளைவு இப்படி வந்தது. உங்கள் ரோட்டை ஒரு மூலையிலிருந்து சாய்வாகக் கொண்டுவந்து, 70 பாகை அளவில் கடந்து, வேறொரு சாய்வில் வெளியே அனுப்புங்கள். பலகையே பெரிதான மாதிரி தெரியும்.

கேட்டில் ஏற்றம் ஒரு தொல்லை. அடியில் ஒட்டும் கார்க் அடுக்கும் தண்டவாளமும் சேர்த்துப் பலகையிலிருந்து சுமார் ஆறு மில்லிமீட்டர் உயரம் இருக்கும். முப்பதுக்கு ஒன்று சரிவில் ஏறினால் ஒவ்வொரு பக்கமும் 180 மில்லிமீட்டர் ரோடு வேண்டும், உங்களிடம் அவ்வளவு இல்லை. இருபதுக்கு ஒன்று என்றாலும் 120. ரோட்டை ஏற்றுவதைவிட நிலத்தை ஏற்றுவது நல்லது: கேட்டைச் சுற்றியுள்ள தரை முழுவதையும் மூன்று நான்கு மில்லிமீட்டர் உயர்த்திவிட்டால் மிச்ச ஏற்றம் சின்னதாகிவிடும். தண்டவாளங்களுக்கு நடுவே போடும் துண்டில் நிஜ அளவைப் பார்க்காதீர்கள். நிஜத்தில் சக்கர விளிம்புக்கு விடும் சந்து ஐந்து சென்டிமீட்டர் சொச்சம், பலகையில் 0.3 மில்லிமீட்டர், மாடல் சக்கரம் அதில் ஏறி நின்றுவிடும். இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் விடுங்கள், அதாவது நடுத் துண்டு ஏழு மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். அதன் மேல்பரப்பு தண்டவாளத் தலைக்குக் கால் மில்லிமீட்டர் கீழே இருக்கட்டும், இல்லாவிட்டால் தண்டவாளம் துடைக்கும்போதெல்லாம் பெயின்ட்டும் போய்விடும். துண்டுக்கு அட்டையோ பிளாஸ்டிக்கோ போடுங்கள், உலோகத் தகடு போட்டால் ஷார்ட் ஆகும். பட்டி காய்வதற்கு முன் ஒரு ரயில் பெட்டியைக் கையால் தள்ளிப் பார்த்துவிடுங்கள்.

காலம் பற்றிச் சில சின்ன விஷயங்கள். 1980-களில் கேட்கீப்பர் இல்லாத கேட்டும் நியாயம்தான். இன்றைய காட்சி என்றால் பிராட் கேஜில் அது கூடாது, 2019 ஜனவரியோடு ஆளில்லா கேட்டுகளை எடுத்துவிட்டார்கள். மைல்கல்லின் தலையில் நேஷனல் ஹைவேக்கு மஞ்சள், ஸ்டேட் ஹைவேக்குப் பச்சை. ஆரஞ்சுத் தலைக் கல் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தோடு வந்தது. அந்தத் திட்டமே 2000 டிசம்பரில்தான் தொடங்கியது, உங்கள் காலத்தில் வைக்காதீர்கள். கல் ஒன்றுக்கு மேல் வேண்டவும் வேண்டாம்: உங்கள் பலகையின் முழு நீளமே நிஜத்தில் 195 மீட்டர்தான்! புளியமரங்களை மட்டும் சிறுசாகச் செய்யாதீர்கள். சாலைப் புளி பன்னிரண்டு மீட்டருக்குக் குறையாது. 75 மில்லிமீட்டரிலிருந்து 90 வரை போகலாம், ஸ்டேஷன் கட்டடத்தைவிட உயரமாக. அடிமரத்தில் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை அடித்தால் அதற்குமேல் இது எந்த ஊர் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பலகைக்குப் பின்னால் நிற்கும் பின்திரையில் ரோட்டை நேராகப் போய் முட்டவிடாமல், அந்த மரங்களுக்குப் பின்னால் வளைத்து மறைத்துவிடுங்கள். சாலையில் கதிர் பரப்பி வண்டி ஏறவிட்டுத் தானியம் அடிப்பதை வைக்க நினைத்தால் நன்றாக இருக்கும், ஓரத்தில் மட்டும் மெல்லிய வைக்கோல் நிறத்தில். பிரஷ்ஷிலேயே வேலை பார்ப்பவன் நான். இந்த அழுக்கையெல்லாம் ஏர்பிரஷ்ஷில் எப்படிக் கொண்டுவருவது என்று அதில் கை பழகியவர்கள் வந்து சொன்னால் நானும் படித்துக்கொள்வேன்.

கடைசியாக பஸ். முடியும். ஜெர்மனியின் ஃபாலர் கம்பெனி 1989-இல் கொண்டுவந்த முறையில், ரோட்டுக்கு அடியில் ஒரு இரும்புக் கம்பி புதைந்திருக்கும். வண்டியின் முன் அச்சில் உள்ள காந்தம் அதைப் பின்தொடர்ந்து திரும்பும், உள்ளே பேட்டரி, மோட்டார். N ஸ்கேலுக்கும் வண்டிகள் வந்திருக்கின்றன. ஆனால் கம்பியைப் பட்டி போடுவதற்கு முன்பே காடி வெட்டிப் பதிக்க வேண்டும், அதனால் இன்றே முடிவெடுங்கள். பஸ் வளையமாகச் சுற்றிவர இடமும் வேண்டும். கேட்டைக் கடக்கும் இடத்தில் கம்பி தண்டவாளத்தைத் தொடாமல் வெட்டிவிட வேண்டும், அந்த இடைவெளியில் வண்டி வழி தவறாமல் நேராகப் போக வேண்டும். நான்கடிக்கு இரண்டடியில், 23 மில்லிமீட்டர் ரோட்டில், எஸ் வளைவோடு இது எல்லாம் சேர்ந்து ஒத்துவரும் என்று எனக்குத் தோன்றவில்லை. பஸ்ஸை மூடிய கேட்டுக்கு முன்னால், லாரிக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, காந்தத்துக்கு ஆகும் காசில் இன்னும் நான்கு புளியமரம் செய்யுங்கள்.